நான்கு பேர் சம்பளம், ஐந்து பேர் செலவு

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு வயது 34, சிங்கப்பூரில் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. எட்டு ஆண்டுகள் வங்கி ஒன்றில் மென்பொருள் வேலை பார்த்தேன். இப்போது சொந்தமாக நிறுவனம் தொடங்கி கணினி விளையாட்டு ஒன்றை உருவாக்கப் போகிறேன். கையில் 300,000 வெள்ளி இருக்கிறது. என் சேமிப்பு 210,000, மைத்துனர் தந்தது 90,000. நான்கு பேரை எடுக்கப் போகிறேன்: அனுபவமுள்ள நிரலாளர் 6,000, ஓவியர் 4,800, விளையாட்டு வடிவமைப்பாளர் 4,500, சோதனை வேலைக்கு ஒரு இளையவர் 3,600. மாதம் 18,900. 15 மாதத்துக்கு 283,500 வெள்ளி. மீதி 16,500 அவசரத்துக்கு. நான் சம்பளம் எடுக்க மாட்டேன். வேலை என் வீட்டு வரவேற்பறையில். ஓவியராகக் கோயம்புத்தூரில் இருக்கும் என் நண்பனை இங்கே அழைத்துக்கொள்ள நினைக்கிறேன். வெளிநாட்டவருக்கு மசேநி (மத்திய சேமநிதி) கட்ட வேண்டாம், செலவு குறையும் அல்லவா? மானியம் ஏதாவது கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாமா? கணக்கு சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, கூட்டல் பெருக்கலில் ஒரு தவறும் இல்லை. வங்கியில் இருந்தவர் அல்லவா. ஆனால் நீங்கள் போட்டிருப்பது சம்பளக் கணக்கு. ஆட்செலவுக் கணக்கு வேறு. இரண்டுக்கும் நடுவில் உங்களுக்கு நாலரை மாதம் காணாமல் போகிறது.

முதலில் மசேநி. நீங்கள் ஒருவருக்கு 6,000 வெள்ளி என்று வேலைக் கடிதத்தில் எழுதினால், அதிலிருந்து 20 விழுக்காடு, அதாவது 1,200 வெள்ளி, அவர் பங்காகப் பிடிக்கப்படும். அது அவர் பணம், உங்களுக்குக் கூடுதல் செலவு இல்லை. இந்தியச் சமூகத்துக்கு உதவும் சிண்டா அமைப்புக்குப் பிடிப்பதும் அப்படித்தான். ஆனால் அதற்கு மேல் முதலாளியின் பங்கு 17 விழுக்காடு, 1,020 வெள்ளி, உங்கள் பையிலிருந்து போகிறது. 55 வயது வரையுள்ள சிங்கப்பூரர்களுக்கும், நிரந்தரவாசத் தகுதி பெற்று இரண்டு ஆண்டுகள் தாண்டியவர்களுக்கும் இதுதான் விகிதம். புதிய நிரந்தரவாசி என்றால் முதல் ஆண்டில் முதலாளி பங்கு 4 விழுக்காடு, இரண்டாம் ஆண்டில் 9, மூன்றாம் ஆண்டிலிருந்து முழுசாக 17. நேர்காணலில் பிடித்துப்போன ஒருவர் சென்ற மாதம்தான் நிரந்தரவாசி ஆனார் என்றால் சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்த விகிதம் நடுவில் ஏறும் என்பதையும் தாளில் எழுதி வையுங்கள். 2026 ஜனவரியிலிருந்து மாதச் சம்பளத்தில் முதல் 8,000 வெள்ளிக்குத்தான் மசேநி கணக்கிடப்படுகிறது. உங்கள் ஆட்கள் யாரும் அந்த உயரத்தில் இல்லை. அதனால் எல்லாருக்கும் முழுச் சம்பளத்தின் மீதும் 17 விழுக்காடு உண்டு.

அப்புறம் திறன் மேம்பாட்டுத் தீர்வை. சம்பளத்தில் கால் விழுக்காடு, ஆளுக்கு அதிகபட்சம் 11.25 வெள்ளி. பணமாகப் பெரிதில்லை. ஆனால் வெளிநாட்டவருக்கும் உண்டு, பலர் மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் 18,900க்கு முதலாளி பங்கு 3,213, தீர்வை 42.75. ஆக மாதம் 22,155.75. பதினைந்து மாதத்துக்கு 332,336 வெள்ளி. பார்த்தீர்களா? கையில் 16,500 மிஞ்சும் என்று எழுதிய இடத்தில் 32,000க்கு மேல் துண்டு விழுகிறது. இன்னும் ஒரு கணினிகூட வாங்கவில்லை.

கணினி, மேசை, மென்பொருள் சந்தா, சோதனைக்கான கருவிகள் எல்லாவற்றையும் பதினைந்து மாதத்துக்குப் பரப்பி ஆளுக்கு மாதம் 500 வெள்ளி என்று நான் வைப்பது வழக்கம். சிக்கனமாக நடத்தினால் குறையும். ஓவியருக்கு நல்ல திரையும் வரைபலகையும் வாங்கினால் கூடும். உங்களையும் சேர்த்து ஐந்து பேருக்கு மாதம் 2,500.

இப்போது நீங்கள். "நான் சம்பளம் எடுக்க மாட்டேன்" என்ற வரியைத்தான் உங்கள் கடிதத்தில் இரண்டு முறை படித்தேன். தியாகம் செய்யும் தொனி அதில் இருக்கிறது. கணக்கு எழுதுகிற எனக்கு அது ஓர் ஓட்டை. 15 மாதம் நீங்கள் சாப்பிட வேண்டும், வீட்டுக் கடன் கட்ட வேண்டும். வேலையில் இருந்தவரை வீட்டுத் தவணை உங்கள் மசேநி சாதாரணக் கணக்கிலிருந்து போயிருக்கும். நீங்கள் கவனித்தே இருக்க மாட்டீர்கள். பங்களிப்பு நின்றுவிட்டால், கணக்கில் இருக்கும் மிச்சம் கரைந்ததும் தவணையை ரொக்கமாகக் கட்ட வேண்டும். அது எங்கிருந்து வரும்? 300,000இலிருந்துதான். ஆக நீங்கள் சம்பளம் எடுக்கத்தான் போகிறீர்கள். கணக்கில் காட்டாமல் எடுக்கப் போகிறீர்கள், அவ்வளவுதான்.

அதனால் உங்களுக்கு மாதம் 3,000 வெள்ளி என்று எழுதுங்கள். தனியார் நிறுவனமாகப் பதிந்து, இயக்குநராக இருந்தாலும் வேலை ஒப்பந்தத்தின் கீழ் சம்பளம் எடுத்தால் அதற்கு மசேநி உண்டு. முதலாளி பங்கும் தீர்வையும் சேர்த்து நிறுவனத்துக்கு மாதம் 3,517.50 செலவு. உங்கள் வயதில் அந்த 3,000க்கு மாதம் 690 வெள்ளி சாதாரணக் கணக்கில் விழும். வீட்டுத் தவணையில் ஒரு நல்ல பகுதி அதிலேயே அடைபடும். மனைவி முகம் பார்த்துப் பேசவும் முடியும். (இதை எழுத வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். எழுதிவிட்டேன்.)

எல்லாம் சேர்த்தால் உங்கள் திட்டப்படி மாதச் செலவு 28,173 வெள்ளி. 300,000ஐ அதால் வகுத்துப் பாருங்கள். பத்தரை மாதத்தில் பணம் முடிந்துவிடும். 15 மாதம் என்று நினைத்துக்கொண்டு வேலை செய்வீர்கள், பதினோராவது மாதச் சம்பள நாளில் வங்கிக் கணக்கு காலியாக இருக்கும். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும், மசேநியை அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். தாமதித்தால் மசேநிக்கு மாதம் 1.5 விழுக்காடு வட்டி ஏறும். விளையாட்டு நன்றாக வந்துகொண்டிருக்கிறது என்பதெல்லாம் அந்தத் தேதிகளுக்குத் தெரியாது.

சரி, என்ன செய்யலாம்? எல்லாரும் முதலில் சம்பளத்தைக் குறைக்கப் பார்ப்பார்கள். 4,800ஐ 4,200 ஆக்கலாமா, 3,600ஐ 3,000 ஆக்கலாமா என்று. அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, ஆள் பாதியில் போய்விடும் அபாயம்தான் கூடும். பணம் ஒழுகுவது வேறு இடத்தில். நான்கு பேரும் முதல் நாளே வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான்.

2016ஆம் ஆண்டு ஆயர் ராஜா பக்கம் ஒரு சிறு விளையாட்டு நிறுவனத்துக்குக் கணக்குப் பார்த்தேன். பெயர் வேண்டாம். ஆறு பேர், ஆறு பேரும் ஒரே திங்கட்கிழமை சேர்ந்தார்கள். அதில் மூன்று பேர் ஓவியர்கள். விளையாட்டை மேலிருந்து பார்க்கும் கோணத்தில் காட்டுவதா, பக்கவாட்டிலா என்றே இன்னும் முடிவாகவில்லை. நிரலாளர் ஒருவர் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். ஓவியர்கள் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? வரைந்தார்கள். கதாநாயகிக்கு மட்டும் நாற்பது உடைகள். கண்ணைப் பறிக்கும் வேலை. நான்காவது மாதம் பக்கவாட்டுக் கோணம் என்று முடிவானது. மேலிருந்து பார்ப்பதற்காக வரைந்த அத்தனையும் வீண். மூன்று பேர், நான்கு மாதம், சம்பளமும் மசேநியும் சேர்த்து 60,000 வெள்ளியைத் தாண்டியது. யாரும் சோம்பேறி இல்லை, யாரையும் குறை சொல்ல முடியாது. தேவைப்படாத நேரத்தில் ஆட்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். கடைசியில் அந்த முதலாளி மசேநி கட்ட கடன் அட்டையில் பணம் எடுத்தார். நான்தான் கூடப் போய் நின்றேன்.

அதனால் தாளைத் திருப்பிப் போடுங்கள். ஆட்களின் பெயர்களைக் கீழ்நோக்கி எழுதுங்கள், மாதங்களைக் குறுக்கே எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் "இந்த மாதம் இவர் என்ன செய்வார்?" என்று ஒரு வரி. பதில் எழுத முடியாத கட்டத்துக்குச் சம்பளம் போடாதீர்கள். வேலையே இதுதான், மற்றதெல்லாம் பெருக்கல்.

உங்களுக்காக நானே ஒருமுறை நிரப்பிப் பார்த்தேன். முதல் நான்கு மாதம் நீங்களும் அனுபவமுள்ள நிரலாளரும் மட்டும். படம் எதுவும் வேண்டாம், சதுரமும் வட்டமும் போதும். விளையாட்டு கைக்கு நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சதுரத்தை நகர்த்தும்போதே சலிப்புத் தட்டினால் நல்ல ஓவியம் அதைக் காப்பாற்றாது. நான்காவது மாத முடிவில் நான்கைந்து வெளியாட்களிடம் விளையாடக் கொடுங்கள். நண்பர்களிடம் வேண்டாம், பொய் சொல்வார்கள். ஈசூன் நூலகத்தில் பிள்ளைகளிடம் கேட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். ஐந்தாவது மாதம் ஓவியர். ஒன்பதாவது மாதம் சோதனைக்கு இளையவர்.

வடிவமைப்பாளர் எங்கே என்று கேட்பீர்கள். அது நீங்கள்தான் தம்பி. இந்த விளையாட்டு உங்கள் மனதில் இருப்பது. அதை விளக்கிச் சொல்லிச் செய்ய வைக்க 4,500 வெள்ளிக்கு ஒருவரை வைத்தால், அவருக்கு விளக்கியே உங்கள் நாள் போகும். பெரிய குழுவுக்கு அந்தப் பதவி அவசியம். மூன்று பேருக்கு அவசியமில்லை என்பது என் கருத்து. வடிவமைப்பாளர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

இன்னொன்று, இந்தத் திட்டத்தை 15 மாதத்துக்குப் போடவில்லை, 12 மாதத்துக்குப் போட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். நீங்கள் 12 மாதம், 42,210. நிரலாளர் 12 மாதம், 84,375. ஓவியர் 8 மாதம், 45,018. இளையவர் 4 மாதம், 16,884. ஆளுக்கு மாதம் 500 என்ற கணினி, மேசைச் செலவு 36 ஆள்-மாதத்துக்கு 18,000. இசை, ஒலி, கொஞ்சம் வெளி ஓவியம் எல்லாவற்றுக்கும் வெளியாட்களுக்கு 15,000. மொத்தம் 221,487 வெள்ளி. கையில் 78,513 மிச்சம்.

அந்த மிச்சத்தைப் பார்த்ததும் இன்னொரு ஆளை எடுக்கலாமே என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். அது நீங்கள் தாமதமாவதற்கான பணம். எல்லாரும் சேர்ந்த பிறகு ஒரு மாதச் செலவு 22,397. மூன்று மாதம் இழுத்தால் 67,191. அப்படி இழுத்தும் 11,322 மிஞ்சும். அதாவது 15 மாதத்துக்கான பணத்தில் 12 மாத விளையாட்டைச் செய்கிறீர்கள். விளையாட்டைச் சிறிதாக்குங்கள், நிலைகளைக் குறையுங்கள், மூன்று தீவு என்றால் இரண்டு போதும்.

தாமதம் எனக்கு வராது என்று சொல்லாதீர்கள். யூபிசாஃப்ட்டின் சிங்கப்பூர் கிளை தலைமை தாங்கிச் செய்த 'ஸ்கல் அண்ட் போன்ஸ்' கடற்கொள்ளையர் விளையாட்டை 2017இல் அறிவித்தார்கள். 2018இல் வரும் என்றார்கள். வந்தது 2024 பிப்ரவரியில். அவர்களிடம் ஆயிரம் வழிகள் உண்டு, இழுக்கலாம். நமக்கு மூன்று மாதம் இழுத்தாலே மூச்சு முட்டும்.

தாமதத்தின் பாதி நாள்காட்டியிலேயே இருக்கிறது. ஆண்டுக்கு 260 வேலை நாள். அதில் பொது விடுமுறை 11. வருடாந்தர விடுப்பு சட்டப்படி முதல் ஆண்டில் 7 நாள்தான், ஆனால் நல்ல நிரலாளர் 14க்குக் குறைந்து வர மாட்டார். காய்ச்சல் தலைவலிக்கு ஐந்து நாள் என்று வையுங்கள். 230 நாள்தான் மிஞ்சும். பன்னிரண்டு மாதச் சம்பளம் கொடுத்து பத்தரை மாத வேலை வாங்குகிறீர்கள். இதற்கு மேல் உங்கள் நிரலாளர் தேசிய சேவை முடித்த ஆண் என்றால் அவருக்கு முகாம் பயிற்சிக்கு அழைப்பு வரலாம். பயிற்சி நாள்களுக்கான சம்பளம் அரசாங்கத்திடமிருந்து திரும்பக் கிடைக்கும். ஆனால் விளையாட்டின் இதயத்தை எழுதுகிறவர் இரண்டு வாரம் இல்லை என்றால், அவருக்காகக் காத்திருக்கும் ஓவியரின் சம்பளத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். சேரும்போதே "இந்த ஆண்டு எப்போது பயிற்சி?" என்று கேட்டு, அந்தக் கட்டத்தில் ஓவியருக்குத் தனியாக ஒரு வேலையை எழுதி வைத்துவிடுங்கள். மகப்பேறு, தந்தையர் விடுப்புகளும் வரலாம். அதற்குப் பயந்து ஆள் எடுப்பதில் பாரபட்சம் காட்டாதீர்கள், அந்தப் பணத்தில் கணிசமான பகுதியை அரசாங்கம் ஈடுகட்டுகிறது.

உங்கள் கோயம்புத்தூர் நண்பருக்கு வருவோம். வெளிநாட்டவருக்கு மசேநி இல்லை என்பது சரி. மலிவு என்பது தவறு. வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியான எம்பிளாய்மண்ட் பாஸுக்கு நிதித் துறை அல்லாத வேலைகளில் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி. உங்கள் தாளில் உள்ளூர் ஓவியருக்கு 4,800, முதலாளி பங்கு 816, தீர்வை 11.25, ஆக 5,627.25. நண்பருக்கு 5,600, தீர்வை 11.25, ஆக 5,611.25. மாதம் 16 வெள்ளி லாபம்! காப்பிக் கடையில் இரண்டு பேர் சாப்பிடலாம். அதுவும் அந்த 5,600 இளம் பட்டதாரிக்கு. வயது ஏற ஏற அந்தத் தொகையும் ஏறும், 45ஐத் தொட்டால் 10,700. உங்கள் வயதுக்காரர் என்றால் 5,600 போதாது. மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் சுயமதிப்பீட்டுக் கருவி இருக்கிறது, அவருடைய வயதையும் படிப்பையும் போட்டுப் பாருங்கள். சம்பளம் ஒத்துவந்தாலும் 'காம்பஸ்' என்னும் புள்ளி முறையில் 40 புள்ளிகள் வேண்டும். நிபுணர், நிர்வாகி நிலையில் 25 பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனம் என்பதால் நிறுவனத்தை அளக்கும் இரண்டு பிரிவுகளில் உங்களுக்குத் தலா 10 புள்ளி தானாக வந்துவிடும். மீதி 20ஐ அவர் சம்பளத்திலும் படிப்பிலும் தேட வேண்டும்.

நடுத்தரத் திறனாளர்களுக்கான எஸ் பாஸ் வேலை அனுமதி பற்றி யாராவது சொல்லியிருந்தால் விட்டுவிடுங்கள். சேவைத் துறையில் மொத்த ஊழியரில் 10 விழுக்காடுதான் எஸ் பாஸ் வைத்திருக்கலாம். ஒருவரை எடுக்க ஒன்பது உள்ளூர் ஊழியர் வேண்டும். உங்களிடம் இருப்பது மூன்று பேர்.

நண்பர் கோயம்புத்தூரிலேயே இருந்து ஒப்பந்த முறையில் வரைந்து தரட்டும் என்பதுதான் என் ஆலோசனை. மாதச் சம்பளம் என்று வைக்காமல், வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் முடிந்ததும் இவ்வளவு என்று பேசுங்கள். எத்தனை முறை திருத்தம் கேட்கலாம் என்பதையும் எழுதுங்கள், இல்லையென்றால் நட்பு போய்விடும். முக்கியமாக, வரைந்தவற்றின் பதிப்புரிமை உங்கள் நிறுவனத்துக்கு மாறுகிறது என்று எழுத்தில் கையெழுத்து வேண்டும். இங்கே ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்தது இயல்பாகவே முதலாளிக்குச் சேரும். ஊழியரல்லாத வெளியாளிடம் சொல்லிச் செய்வித்தது, வேறு ஏற்பாடு எழுதாவிட்டால், அவருக்கே சொந்தம். நாளை ஒரு பதிப்பாளர் உங்கள் விளையாட்டை வாங்க வந்தால் முதலில் கேட்கிற காகிதம் அது.

இதைப் படித்ததும் அந்த இளையவரையும் 'ஃப்ரீலான்ஸ்' என்று எழுதிவிட்டால் 17 விழுக்காடு மிச்சமாகுமே என்று தோன்றும். செய்யாதீர்கள். உங்கள் கணினியில், நீங்கள் சொல்லும் நேரத்தில், உங்கள் மேற்பார்வையில், மாதாமாதம் ஒரே தொகைக்கு வேலை செய்பவர் ஊழியர்தான். காகிதத்தில் என்ன பெயர் வைத்தாலும் மசேநி கழகம் வேலையின் தன்மையைத்தான் பார்க்கும். பின்னால் பிடிபட்டால் பழைய பங்களிப்பு மொத்தமும் வட்டியோடு கட்ட வேண்டும். அவர் பங்காக அன்றே பிடிக்காத 20 விழுக்காடும் உங்கள் தலையில் விழும். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் பாடத்திட்டத்தின் பகுதியாகப் பயிற்சிக்கு வருவது வேறு விஷயம், அதற்கு மசேநி விலக்கு உண்டு. ஆனால் பயிற்சிக்கு வருபவருக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவரின் நேரம் போகும். அந்த ஒருவர் மாதம் 6,000 வாங்குகிறவர்.

வரவேற்பறை. வீவக வீட்டை அலுவலகமாகப் பயன்படுத்தத் திட்டம் இருக்கிறது, பதிந்துகொள்ள வேண்டும். ஆனால் அந்த வீட்டில் வசிக்காத ஊழியர் இரண்டு பேருக்கு மேல் அங்கே வேலை செய்யக்கூடாது. நான்கு பேர் என்ற உங்கள் திட்டம் முதல் நாளே விதியை மீறியிருக்கும். நான் போட்ட திட்டத்தில் எட்டாவது மாதம் வரை இரண்டு பேர்தான், தாராளமாக நடக்கும். ஒன்பதாவது மாதம் இளையவர் அவர் வீட்டிலிருந்தே சோதனை செய்யட்டும், அல்லது பகிர்வு அலுவலகத்தில் ஒரு மேசை எடுங்கள். அதற்குத்தான் அந்த 500.

ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. ஏற்கெனவே ஒரு விளையாட்டை முடித்து வெளியிட்ட நிரலாளர், மூன்று பேர் நிறுவனத்துக்கு, 6,000க்கு வருவாரா? விளையாட்டின் மேல் உள்ள ஆசையில் வருவார். வங்கி ஒன்று கூப்பிட்டதும் போய்விடுவார். அவருக்கு 1,000 கூட்டினால் உங்களுக்கு மாதம் 1,170, ஆண்டுக்கு 14,040. இளையவரை எடுக்காமல் விட்டால் 16,884 மிச்சம். நானாக இருந்தால் நிரலாளருக்கு 7,000 கொடுத்துவிட்டு, சோதனையை நானே ராத்திரி உட்கார்ந்து செய்வேன். முதல் விளையாட்டை ஏற்கெனவே முடித்தவர் ஒருவர் அறையில் இருப்பதற்கு நான் வைக்கும் விலை அது.

13ஆம் மாதச் சம்பளம் சட்டத்தில் கட்டாயமில்லை. ஆனால் வேலைக் கடிதத்தில் எழுதிவிட்டால் கொடுத்தாக வேண்டும், அதற்கும் மசேநி உண்டு. எழுதாதீர்கள். விளையாட்டு வெளிவந்து இன்ன தொகையைத் தாண்டினால் இவ்வளவு பங்கு என்று எழுதுங்கள். சீனப் புத்தாண்டுக்கு முன் பணம் வாங்கிக்கொண்டு மார்ச்சில் விலகும் வழக்கம் ஊருக்கே தெரியும். வெளியீட்டு நாளோடு கட்டிய பணம் ஆளை அதுவரை பிடித்து வைக்கும்.

மானியத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெரும்பாலும் முதலில் நீங்கள் செலவழிக்க வேண்டும், பிறகுதான் ஒரு பகுதி திரும்ப வரும். சம்பள நாளுக்கு அது உதவாது. வந்தால் தாமத மாதங்களின் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

வருமானம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஒரு வார்த்தை. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் விற்றால் 30 விழுக்காடு அவர்களுக்கு. விற்ற மாதம் முடிந்து ஏறக்குறைய 30 நாள் கழித்துத்தான் பணம் வரும். அமெரிக்காவோடு சிங்கப்பூருக்கு முழுமையான இரட்டை வரி ஒப்பந்தம் இல்லை, அதனால் அமெரிக்க விற்பனையில் உங்களுக்குச் சேரவேண்டிய பங்கிலிருந்து இன்னொரு 30 விழுக்காடு வரியாகப் பிடிப்பார்கள். பன்னிரண்டாம் மாத முடிவில் வெளியிட்டாலும் பதின்மூன்று, பதினான்காம் மாதச் சம்பளங்களை உங்கள் பழைய பணத்திலிருந்துதான் கொடுப்பீர்கள். அந்த 67,191ஐத் தொடாதீர்கள் என்று நான் சொன்னதற்கு இதுவும் காரணம். விளையாட்டை உருவாக்க யூனிட்டி மென்பொருளைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் உரிமத்தை ஒருமுறை படியுங்கள். இலவசப் பதிப்புக்கான வரம்பு 12 மாதத்துக்கு 200,000 அமெரிக்க டாலர். வருமானத்தை மட்டுமல்ல, திரட்டிய நிதியையும் அதில் சேர்த்துப் பார்க்கிறார்கள். உங்கள் 300,000 வெள்ளியை அமெரிக்க டாலரில் மாற்றினால் அந்த வரம்பைத் தாண்டக்கூடும். அதே வேலைக்கான கோடோ எஞ்சின் இலவசம், அதில் இந்தத் தொல்லை இல்லை.

கடைசியாக மிஞ்சிய 11,322. அதை வேறு வங்கிக் கணக்கில் போட்டு "மூடும் பணம்" என்று பெயர் வையுங்கள். ஒருவேளை நிறுத்த வேண்டி வந்தால் அறிவிப்புக் காலச் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான தொகை, கடைசி மாத மசேநி எல்லாம் அதிலிருந்து போகும். பதின்மூன்றாவது மாதத் தொடக்கத்தில் உட்கார்ந்து, கையில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது என்று ஊழியர்கள் எல்லாருக்கும் நேராகச் சொல்லுங்கள். அதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் உங்கள் வாயிலிருந்து கேட்க வேண்டும்.

மைத்துனர் தந்த 90,000 கடனா, பங்கா? உங்கள் கடிதத்தில் "தந்தது" என்று மட்டும் இருக்கிறது. கடன் என்றால் திருப்பும் தேதி என் கணக்கில் இல்லை, சேர்த்தால் எண்கள் மாறும். பங்கு என்றால் எத்தனை விழுக்காடு என்று எழுத வேண்டும். முதல் ஊழியரை எடுக்கும் முன் அவரோடு உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தாளைத் திருத்தியதும் எனக்கு அனுப்புங்கள், கட்டங்களில் எழுதிய வரிகளோடு.